ஐந்தாவது பத்து

நான் சொல்லப்போவது இப்படியேதான் நடந்ததா என்று எனக்கே முழு நிச்சயம் கிடையாது. அன்று பாஸ்கல் வாத்தியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. மற்றவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நல்ல மழை என்கிறாள் இஞ்ஞாசியம்மாள். அந்த வருஷம் அக்டோபர் முழுக்கத் திண்டுக்கல்லில் ஒரு சொட்டு விழவில்லை என்று சாதிக்கிறார் ஆரோக்கியதாஸ். நான் பார்க்காத பகுதிகளைப் பின்னாளில் வாத்தியாரின் மகள் கிளாரா சொல்லித்தான் அறிந்தேன். அவளும், "சரியா ஞாபகமில்லக்கா, ஆனா இப்படித்தான் இருந்திருக்கணும்" என்றுதான் ஆரம்பிப்பாள். ஆகவே இதை அவள் பக்கத்தில் நின்று சொல்வதே முறை.

அந்த வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குச் செபமாலை. செபமாலை என்பது பத்துப் பத்து மணிகளாக ஐந்து பிரிவு. ஒருவர் முன்சொல்வார். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று பாதிச் செபத்தைச் சொல்லி அவர் நிறுத்தியதும், மற்றவர்கள் "புனித மரியே, இறைவனின் தாயே" என்று மீதிப் பாதியைச் சொல்லி முடிப்பார்கள். கேள்வியும் பதிலும் போல. பாஸ்கல் வாத்தியார் முதல் இரண்டு பத்தைச் சொல்வார். மூன்றாவது, அம்மா அன்னாளுக்கு. நான்காவது, கிளாராவுக்கு. ஐந்தாவது பத்தை யாரும் சொல்வதில்லை. மூன்று பேரும் மணியை மட்டும் உருட்டிக்கொண்டு, தலை கவிழ்ந்து, பத்துச் செபம் சொல்லும் நேரம் சும்மா இருப்பார்கள். பிறகு வாத்தியார் தொண்டையைச் செருமி முடிவுச் செபத்தைத் தொடங்குவார்.

கிளாராவுக்குப் பதினைந்து வயது வரை இதில் ஒரு வித்தியாசமும் தோன்றவில்லை. கோயிலில் ஐந்தையும் சத்தமாகத்தான் சொல்கிறார்கள். அங்கே சாமியார் இருக்கிறார், அதனால் சொல்கிறார்கள். வீடுகளில் கடைசிப் பத்து மௌனமாகத்தான் இருக்கும் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். பிள்ளைகள் வீட்டில் பார்ப்பதையே உலகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

வாத்தியார் வைத்த இன்னொரு சட்டமும் உண்டு. செபம் தொடங்கினால் முடியும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. ஒருமுறை அடுப்பில் உலை வைத்துவிட்டு அன்னாள் உட்கார்ந்துவிட்டாள். சோறு அடிப்பிடித்து, கருகி, புகை கூடத்துக்கு வந்து மாதா படத்தையே மறைத்தது. மூன்று பேரும் இருமிக்கொண்டே செபித்தார்கள். பக்கத்து வீட்டுச் சௌகத் அலி பதறிப்போய்ச் சுவரைத் தட்டி, "வாத்தியாரே, உயிரோட இருக்கீங்களா?" என்று கத்தினார். அதற்கும் யாரும் எழவில்லை.

மேட்டுப்பட்டியிலிருந்து பேகம்பூர் போகும் வழியில், இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ராவுத்தர் வீடுகள் என்று கலந்து கிடந்த சந்து அது. தெற்கிலிருந்து காற்று வந்தால் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை வரும். சௌகத் அலி தோல் வியாபாரி. அவர் மகள் சபிஹாவும் கிளாராவும் ஒரே வகுப்பு.

அந்த ஐந்தாவது பத்தின் மௌனத்தில் கிளாராவுக்கு ஒரு குரல் கேட்கும். பெண் குரல். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கி, தன் பாதியைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். பதிலுக்குக் காத்திருப்பது போல நிற்கும். பிறகு மறுபடி முதலிலிருந்து. சின்ன வயதில் அது தெருமுனையில் கேட்டது. ஆறாவது ஏழாவது படிக்கையில் வாசல் கேட்டருகே வந்தது. போன வருஷம் ஜன்னலில். இந்த வருஷம் அக்டோபர் பிறந்ததிலிருந்து அது கூடத்துக்குள், அவள் தோளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தது. திரும்பிப் பார்த்தால் நாற்காலி, தையல் மிஷின், சுவர். இனி அது நகர்ந்து வர மிச்சமிருக்கும் இடம் எது என்று கிளாரா எண்ணிக்கொண்டிருப்பாள்.

அது யார் குரல் என்பதில் அவளுக்குக் குழப்பமில்லை. அவளுக்கு மூத்தவள் ரூபியின் குரல். ஆனால் ரூபி வடக்கே, பீகார்ப் பக்கம், கன்னியர் மடத்தில் இருக்கிறாள். கிளாராவுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது போனவள். கிளாராவுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். எங்கள் எல்லாருக்குமே அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். "சிஸ்டர் எப்ப லீவுல வாராக?" என்று இஞ்ஞாசியம்மாள் கேட்பாள். "அவுக சபையில அம்புட்டு சீக்கிரம் விடமாட்டாக" என்பாள் அன்னாள். உயிரோடு மடத்தில் இருப்பவளின் குரல் ஏன் இங்கே வரவேண்டும்? அவள் இருக்கிறாளா, இல்லையா? கிளாராவுக்குத் தெரியவேண்டியது இது ஒன்றுதான்.

அவளிடம் ஒரு நினைவும் இருந்தது. நினைவா, கனவா என்று பிரிக்க முடியாத ஒன்று. அவளுக்கு ஆறு வயது. செபம் நடக்கிறது. கதவு தட்டப்படுகிறது. அப்பாவின் விரல் மணியில் அப்படியே நிற்கிறது. அம்மாவின் முழங்கால் அசைகிறது, அப்பா பார்க்கிறார், முழங்கால் அடங்கிவிடுகிறது. அவ்வளவுதான். அதற்கு மேல் நினைவு போவதில்லை.

அந்த வருஷம்தான், தொண்ணூற்றொன்பதில், எங்கள் கோயில் பங்கில் அன்பியம் என்று தெருத்தெருவாகக் குழு ஆரம்பித்தார்கள். செபமாலை மாதமான அக்டோபரில் தினம் ஒரு வீட்டில் எல்லாரும் கூடிச் செபம். முதல் நாள் இஞ்ஞாசியம்மாள் வீடு. நான்காவது பத்து முடிந்ததும் கிளாரா வழக்கம்போலத் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஆரோக்கியதாஸ் ஐந்தாவது பத்தைக் கணீரென்று தொடங்கினார். அவள் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தாள். வாத்தியாரும் அன்னாளும் உதட்டை அசைத்தார்கள், சத்தம் வரவில்லை.

"என்னடி, அப்படி முழிச்ச? பேயைக் கண்டியா?" என்று சுண்டல் கொடுக்கும்போது இஞ்ஞாசியம்மாள் கேட்டாள்.

"வீட்ல கூட அஞ்சையும் சத்தமாத்தான் சொல்லுவீங்களா பெரியம்மா?"

"பின்ன? நாலோட நிப்பாட்ட இது என்ன ரேஷன் கடையா?"

மறுநாள் மாடியில் துணி எடுக்கும்போது சபிஹாவிடம் இதைச் சொன்னாள். சபிஹா சிரித்தாள்.

"ஏண்டி, உங்க வீட்டு ரேடியோவுல கடைசிப் பாட்டுக்கு மட்டும் கரண்ட் போயிருதுன்னு எங்கத்தா தினம் சொல்லுவாரு. உனக்கு இப்பத்தான் தெரியுதா?"

"எப்பருந்து அப்படி?"

"எனக்கென்ன தெரியும்? எங்கம்மாவைக் கேளு. அதுக்குத்தான் தெரு நியாயம் பூரா மனப்பாடம்."

சபிஹாவின் அம்மா சைதூன் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கிளாரா கேட்டதும் கத்தியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். வெங்காயத்துக்காகத்தான்.

"உங்கக்கா வந்துட்டுப் போனாள்ல, அன்னிக்கிருந்துதான்."

"எங்கக்கா எப்ப மாமி வந்துச்சு?"

"ஏன், மடத்துக்குப் போயி ஒரு வருஷமிருக்கும். இப்பிடித்தான், மழக்காலம். நான் வாசல்ல நிக்கிறேன், உங்க வீட்டுப் படியில ரூபி நிக்கிது. கையில ஒரு பை. தொப்பமா நனஞ்சிருக்கு. வயித்தப் பார்த்தா…" சைதூன் மகளை ஒரு பார்வை பார்த்தாள். "சபிஹா, நீ போயி மல்லித்தழ வாங்கிட்டு வா."

"எல்லாம் எனக்குத் தெரியும்மா."

"தெரிஞ்சதோட போ."

சபிஹா போகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றாள். சைதூனும் அதைக் கண்டுகொள்ளாதவள் போலத் தொடர்ந்தாள்.

"மடத்துல இருக்குற பிள்ள எப்பிடிடா இந்தக் கோலத்துலன்னு எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. ‘எங்க வீட்டுக்குள்ள வாத்தா, செத்த நேரம் உக்காரு’ன்னேன். ‘இல்ல மாமி, செபம் நடக்குது, முடிஞ்சதும் திறப்பாங்க’ன்னுச்சு. உள்ள சத்தம் நின்னுபோச்சு. இது ஜன்னக் கிட்டப் போயி நின்னுக்கிட்டு, உங்க செபத்தத் தானாச் சொல்ல ஆரம்பிச்சிருச்சு. சரி, திறந்துருவாங்க, நாம நின்னா வாத்தியாருக்குச் சங்கடம்னு நான் உள்ள வந்துட்டேன். அப்புறம் உங்கம்மாட்ட நான் கேட்டுக்கல. அது அவுக வீட்டு விசயம்."

கிளாராவுக்கு மிச்ச நினைவு அங்கேயே, வெங்காயத் தோலுக்கு நடுவில், திரும்பி வந்தது. ஜன்னலுக்கு வெளியே அக்காவின் குரல். ஐந்தாவது பத்து எப்போதும் அக்காவுடையது. அவள் தன் பத்தைச் சொல்கிறாள். உள்ளே யாரும் பதில் சொல்லவில்லை. பத்து முறையும் சொல்லவில்லை. அது முடிந்ததும் அப்பா எழாமல் மன்றாட்டு மாலையைத் தொடங்குகிறார். அது முடிந்ததும் இறந்தவர்களுக்கான செபம். அது முடிந்ததும் இன்னொன்று. செபம் முடியாத வரை கதவைத் திறக்க வேண்டியதில்லை. அதற்காகவே அப்பா செபத்தை முடிக்கவில்லை. எப்போது முடிந்தது என்று அவளுக்குத் தெரியாது. அம்மா மடியில் தூங்கிவிட்டிருந்தாள்.

அன்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அன்னாளிடம் போய் நின்றாள்.

"அம்மா, அக்கா இங்க வந்துச்சா?"

குடம் நிறைந்து வழிந்தது. அன்னாள் குழாயை மூடவில்லை.

"கனாக் கண்டிருப்ப."

"சைதூன் மாமியுமா கனாக் கண்டாங்க?"

அன்னாள் குனிந்தபடியே சொன்னாள்: "எங்கயாச்சும் நல்லா இருப்பா. கோவத்துல இருப்பா. கோவம் தீந்தா வருவா. அப்பாகிட்ட மட்டும் கேட்டுறாதடி."

அன்னாளுக்கு அவ்வளவுதான் தெரியும் என்பது கிளாராவுக்கு அப்போது தெரியாது.

அடுத்த வியாழக்கிழமை எங்கள் எல்லாருக்கும் வாத்தியார் வீட்டில் செபம். வாத்தியார் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார். ஒவ்வொரு பத்துக்கும் ஒருவர். ஐந்தாவதை இஞ்ஞாசியம்மாளிடம் கொடுத்திருந்தார். "நல்லாச் சத்தமாச் சொல்லணும், தெரியுமா?" என்று அவர் சொன்னபோது, "என் தொண்டைக்குச் சத்தம் சொல்லிக் குடுக்குற மொத ஆளு நீங்கதான் வாத்தியாரே" என்று அவள் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். கிளாரா சிரிக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

வியாழனுக்கு மகிழ்ச்சி இரகசியங்கள். நான்கு பத்து ஒழுங்காகப் போயிற்று. "ஐந்தாவது இரகசியம், காணாமற்போன இயேசுவைக் கோயிலில் கண்டடைந்தது" என்று வாத்தியார் வாசித்தார். குரல் பிசிறவில்லை. இஞ்ஞாசியம்மாள் வாயைத் திறந்தாள். அப்படியே மூடிக்கொண்டாள். பிறகு கேட்டதற்கு, "யாரோ ஏற்கெனவே சொல்லிக்கிட்டிருக்கிற மாதிரி இருந்துச்சு. சரி, முடிக்கட்டும்னு இருந்தேன்" என்றாள்.

கூடத்தில் மௌனம். பெரிய மௌனம். குழந்தைகள்கூட அசையவில்லை. வாத்தியார் இஞ்ஞாசியம்மாளைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவள் அவரைப் பார்க்காமல் கிளாராவின் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குரல் இப்போது கிளாராவின் காதருகே இருந்தது. ஈரத் துணியின் குளிர்ச்சி பிடரியில் பட்டது என்று சொன்னாள். அது தன் பாதியைச் சொல்லி நிறுத்தியது. காத்திருந்தது. ஓடிவிட வேண்டும் என்றுதான் கிளாராவுக்கு முதலில் தோன்றியது. ஆனால் இத்தனை வருஷமாக அது அவளைப் பிடிக்க வரவில்லை, பதிலைத் தேடித்தான் ஒவ்வோர் அடியாக வந்திருக்கிறது என்று அந்தக் காத்திருப்பில் அவளுக்குப் புரிந்தது. வாயைத் திறந்தாள்.

"புனித மரியே, இறைவனின் தாயே…"

முன்சொல்ல யாருமில்லாமல் பதில் மட்டும் கேட்டது எங்களுக்கு. பெண்ணுக்குப் புத்தி தடுமாறிவிட்டதோ என்று நினைத்தேன். அவள் சொல்லி முடித்தாள். ஒரு பாதிச் செபம் சொல்லும் நேரம் நிறுத்தினாள். மறுபடி பதிலைச் சொன்னாள். மூன்றாவது முறை அன்னாளும் சேர்ந்துகொண்டாள். சரியாக அதே இடத்தில் நிறுத்தினாள், அதே இடத்தில் தொடங்கினாள். அப்போதுதான் கிளாரா தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவுக்கும் இந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரே கூரையின் கீழே, ஒருவருக்கொருவர் சொல்லாமல்.

பிறகு எங்களில் ஒவ்வொருவராகச் சேர்ந்தோம். எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. அதைச் சத்தியமாகச் சொல்வேன். ஆனால் எப்போது பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் யாருக்கும் ஒரு சொல் முன்பின் ஆகவில்லை. கடைசிச் செபத்தில்தான் வாத்தியார் சேர்ந்தார்.

பத்தும் முடிந்ததும் வாத்தியார் எழுந்தார். செபம் இன்னும் முடியவில்லை. அவர் எழுந்தார். எங்களைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்து, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார்.

"உள்ள வாம்மா" என்றார்.

வெளியே தெருவிளக்கு எரிந்தது. சௌகத் அலியின் மொபெட் நின்றது. வேறொன்றுமில்லை. ஆனால் ஓர் ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் நேரம் வரை வாத்தியார் அப்படியே ஒதுங்கி நின்றார். நடைவழியில் உட்கார்ந்திருந்த நாங்கள் காலை மடக்கி வழிவிட்டோம். யாரும் சொல்லாமலே விட்டோம்.

பிறகு அவர் தெருவைப் பார்த்தபடியே பேசினார்.

"எம் மக மடத்துல இல்ல. மடத்துக்கு அவ போகவே இல்ல. வேடசந்தூர் மில்லு ஆபீஸுல டைப்படிக்கப் போன எடத்துல மிஷின் ரிப்பேர் பாக்குற ஒரு பிட்டரோட போயிட்டா. எனக்கு வெளிய தல காட்டணும், அதுக்காக மடம்னு சொன்னேன். ஒரு வருஷத்துல அவன் விட்டுட்டு ஓடிட்டான். இந்தப் படியில வந்து நின்னா. செபம் நடக்குதுன்னு நான் எந்திரிக்கல. முடிச்சா திறக்கணுமேன்னு முடிக்கல."

"ஏங்க, போதுங்க" என்றாள் அன்னாள்.

"உனக்குத் தெரியாதது இருக்கு அன்னா. ரெண்டு நாள் கழிச்சு ஆத்தூர் அணைக்குக் கீழ வாய்க்கால்ல ஒரு பொண்ணு கிடைக்குதுன்னு சொல்லிவிட்டாங்க. பையில நம்ம கோயில் படம் இருந்துச்சாம். போனேன். பார்த்தேன். எம் மக இல்லன்னு சொல்லிட்டு பஸ் ஏறி வந்துட்டேன். பஞ்சாயத்துல பொதச்சுட்டாங்க. அந்த ஊர்த் தண்ணிதான நம்ம குழாயில வருது. அன்னிலேருந்து நான் அத வாயில ஊத்தல."

அன்னாள் அழுவாள் என்று நாங்கள் நினைத்தோம். அவள் எழுந்துபோய் அவருக்கு எதிரே நின்றாள்.

"என்ன சேல கட்டியிருந்தா?"

"பச்சையில மஞ்சப்பூ" என்றார் வாத்தியார்.

"அது நான் எடுத்துக் குடுத்தது" என்றாள் அன்னாள். "புனித தெரசா தேர்த் திருவிழாவுக்கு எடுத்தேன். வழுக்கி விழுந்தாளா, தானா விழுந்துட்டாளா?"

"தெரியல."

"அதக்கூடக் கேக்கலயா நீங்க?"

ஆரோக்கியதாஸ் மெல்ல எழுந்து கைகூப்பினார். நாங்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தோம். சுண்டல் தூக்குவாளியில் அப்படியே இருந்தது. கிளாரா மட்டும் இடத்தைவிட்டு அசையாமல், தோளுக்குப் பின்னால் கையை நீட்டித் துழாவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றுமில்லை. முதல்முறையாக ஒன்றுமே இல்லை.

மறுநாள் காலையில் வாத்தியார் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். பழைய கேஸ் என்பதால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. சித்தையன்கோட்டைப் பக்கம் பஞ்சாயத்துச் சுடுகாட்டில் கேட்டுப் பார்த்தார்கள். எந்த இடம் என்று யாராலும் காட்ட முடியவில்லை. ஓரமாக ஒரு கல் சிலுவை நட்டு, பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். சிலுவையில் ரூபியின் பெயரோடு, பெயரில்லாத குழந்தைக்கும் ஒரு வரி வெட்டியிருக்கிறது. அந்த மில் பிட்டர் திருப்பூரில் இருப்பதாகச் சொன்னார்கள். யாரும் தேடிப் போகவில்லை. பாஸ்கல் வாத்தியார் பங்குப் பேரவையிலிருந்து விலகினார். அன்னாள் அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேசுவது குறைந்துபோனது. அவர் இரண்டாயிரத்து நாலில் மாரடைப்பில் இறந்தார். சௌகத் அலி அதற்கு அடுத்த வருஷம். சைதூன் அதே வீட்டில்தான் இருக்கிறாள். சபிஹாவைப் பழனியில் கட்டிக்கொடுத்தார்கள், இரண்டு பையன்கள். கிளாரா நர்ஸிங் முடித்து வேடசந்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். அன்னாள் அவளோடு இருக்கிறாள். சந்தில் இருந்த வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் முன்பக்கத்தை இடித்து ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்கள்.